ஒன்றரை மீட்டர் பள்ளத்தாக்கு

ஓர்ட்வின் ஆம்தோருக்கு ஊர் கண்ணில் இல்லை, காலில் இருந்தது. பதினாறு வயதில் தபால் பையைத் தோளில் மாட்டியவன். எந்த மேட்டில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள வேண்டும், எந்த வளைவில் பனிக்காலத்தில் நீர் உறைந்து வழுக்கும், எந்த வீட்டில் நாயை அவிழ்த்து விட்டிருப்பார்கள் என்பதையெல்லாம் அவன் யோசித்து அறிந்ததில்லை. கால் அறிந்திருந்தது. அறிவு தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் ஒரு தபால்காரன் பின்னால் ஒரு வாரம் நடந்து பார்க்கலாம். ஆனால் காலில் இருக்கும் அறிவுக்கு ஒரு குறை உண்டு. எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அதற்குத் தெரியாது.

ஸ்டைன்ரோடாவில் சொல்லக் கூடாதவை அதிகம். துரிங்கியாவின் தென்கோடியில், மேற்கு ஜெர்மனியைப் பிரிக்கும் வேலியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தது ஊர். அங்கே குடியிருக்க அடையாள அட்டையில் தனி முத்திரை வேண்டும். பக்கத்து மாவட்டத்திலிருந்து உடன்பிறந்த தம்பி வருவதென்றாலும் நாலு வாரம் முன்பே மனுப் போட வேண்டும். கேமரா வைத்திருந்தவர்கள் வீட்டுக்குள் கேக் வெட்டுவதை மட்டும் படம் எடுத்தார்கள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் ஊருக்குத் தெற்கே வெறும் வெள்ளைத் தாள்தான்.

இதெல்லாம் பழகிப்போயிருந்தது. பழகிவிட்டது என்றால் பயம் போய்விட்டது என்று பொருளில்லை. பயத்துக்கும் வீட்டில் ஒரு நாற்காலி போட்டாயிற்று என்றுதான் பொருள்.

அவனுடைய இருபத்தைந்து வருட வேலையைப் பாராட்டி, 1978 வசந்தத்தில், தபால் நிலையத்தார் பெட்டியில் அடுக்கிய பொம்மை ரயில் தொகுப்பு ஒன்றைப் பரிசளித்தார்கள். முட்டை வடிவத் தண்டவாளம், பக்கவாட்டில் பிரியும் ஒரே ஒரு கிளைப்பாதை, கரிய சிறு எஞ்சின், விரல் நீளத்தில் மூன்று சரக்கு வண்டிகள். முதன்முதலாக இந்த விளையாட்டில் இறங்குகிறவர்களுக்கானது. ஓர்ட்வினுக்கும் கெர்லிண்டுக்கும் பிள்ளைகள் இல்லை. “உனக்குத்தான் வயசு நாப்பத்தொண்ணு, உன் மனசுக்கு எட்டுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு” என்றாள் கெர்லிண்ட். அவள் பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குப் பொன் விளிம்பு தீட்டுபவள். கையும் நாக்கும் நேர்கோட்டில் போகும்.

செப்டம்பரில் அவன் மாடியறையில் வேலையைத் தொடங்கினான். ஒன்றரை மீட்டருக்கு எண்பது சென்டிமீட்டர் பலகை. தண்டவாளத்தைச் சுற்றி நிலம் எழுப்ப வேண்டும். மரச்சட்டங்களை உயரம் மாற்றி மாற்றி நிறுத்தினான். செய்தித்தாளைக் கசக்கி இடையில் திணித்தான். மேலே மாவுப் பசையில் தோய்த்த தாள் நாலு அடுக்கு. அது காய்ந்ததும் பிளாஸ்டர். பட்டறைத் தச்சனிடம் வாங்கிய மரத்தூளைத் துணிச் சாயத்தில் ஊறவைத்து, மூன்று விதப் பச்சையாக்கி அடுப்பு மேல் உலர்த்தினான். காபிச் சக்கை உழுத வயலுக்கு. வயலோரத்தில் வாடி நின்ற காட்டுப் பூத்தண்டுகளைப் பறித்து, குடை போன்ற தலையில் பசை தடவி மரத்தூளில் புரட்டினால் மரம். வானொலியில் நடனப் பாட்டு ஓடும். அவன் எதையும் பார்த்துச் செய்யவில்லை. எந்தப் படமும் எதிரே இல்லை. குன்று எங்கே எழ வேண்டும், எங்கே சரிய வேண்டும் என்று விரல்கள் கேட்கவே இல்லை. இதுவரை எந்தக் காரியமும் இவ்வளவு சுலபமாகக் கைகூடியதில்லையே என்று அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு மதியம் அல்ஃபோன்ஸ் விட்டிக் பார்க்க வந்தார். எல்லை வந்தபின் தண்டவாளம் பிடுங்கப்பட்ட கிளைப்பாதையில் கடைசி நிலைய அதிகாரியாக இருந்தவர். இப்போது மாவட்டத் தலைநகரின் மாதிரி ரயில் சங்கத்துக்குச் செயலாளர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டாம் ஞாயிறன்று சங்கத்தின் கண்காட்சி. ஓர்ட்வினைப்போல் புதிதாகச் சேர்ந்தவன் தன் முதல் வேலையை அங்கே வைத்தே ஆக வேண்டும். அதோடு, ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டை இருக்க வேண்டும்: இது எந்த இடத்தின் மாதிரி? ‘கற்பனை’ என்று எழுதுவதைச் சங்கத்தில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே மன்னித்தார்கள்.

விட்டிக் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண் பலகை மட்டத்துக்கு வரும்வரை முழங்காலை மடக்கினார். பிளாஸ்டர் இன்னும் மூடாத ஓர் ஓரத்தில் நாளிதழின் முதல் பக்கம் தெரிந்தது. அதில் கைதட்டிக்கொண்டிருந்தார்கள் சில கட்சிப் பெரியவர்கள்.

“பரவால்ல, இந்தப் பேப்பர் ஒருவழியா எதையோ தாங்குது” என்றார் விட்டிக்.

“மெதுவா பேசுங்க.”

“உன் பொண்டாட்டியும் நானும்தான் இருக்கோம். அவ என்னக் காட்டிக் கொடுத்தா எனக்குப் பெருமைதான்.” திடீரென்று அவர் பேச்சு நின்றது. விரலைக் காற்றில் நகர்த்தினார். “டேய் ஓர்ட்வின். இது கோயில் குன்று.”

“குன்றுன்னா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.”

“போடா. இது கோயில் குன்று, இது மில் வளைவு. இது… அட, மில்லுக்குப் பின்னாடி போற பள்ளம்! ஆல்டர் மரம்கூட வச்சிருக்கான் திருடன். அந்தக் காலத்துல என் ரயில் இப்படித்தான் சுத்தி வரும், இதே கோணம். முப்பது வருஷமா சங்கத்துல இருக்கேன், அளவெடுக்காம எவனும் இவ்ளோ சரியா நிலம் போட்டதில்ல.”

ஓர்ட்வினுக்குக் காது சூடேறியது, மகிழ்ச்சியில். புகழ்ச்சிக்குப் பழகாதவன். விட்டிக் போனபிறகும் அவன் பலகை முன்னே நின்றான். உண்மைதான், இது ஸ்டைன்ரோடா. அவனே இப்போதுதான் பார்க்கிறான்.

கெர்லிண்ட் மால்ட் காபியோடு ஏறி வந்தாள். கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பலகையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அந்தப் பள்ளத்த ஏன் வச்ச?”

“எந்தப் பள்ளம்?”

“லீனா அத்த வீட்டுக்குப் போற பள்ளம்.”

அவ்வளவுதான். காபி சன்னல் விளிம்பிலேயே ஆறியது.

மில்லின் பின்னாலிருந்து கிளம்பி, ஆல்டர் மரங்களுக்கு அடியில், ஆள் உயரத்துக்குத் தாழ்ந்து போகும் ஈரமான பள்ளப்பாதை அது. அதன் முடிவில் கெர்லிண்டின் அத்தை லீனாவின் பண்ணை இருந்தது. 1961 அக்டோபரில், பனி விலகாத ஒரு காலையில், இரண்டு லாரிகள் வந்து நின்றன. நம்பிக்கைக்குரியவர்கள் அல்லர் என்று பட்டியலில் யாரோ எழுதியிருந்தார்கள். யார், எதற்கு, இன்றுவரை தெரியாது. மதியத்துக்குள் அத்தையும் மாமாவும் தட்டுமுட்டுச் சாமான்களோடு எங்கோ வடக்கே அனுப்பப்பட்டார்கள். பண்ணை வீடு இடிக்கப்பட்டது. அதன் மேல்தான் இப்போது வேலி. அன்று தபால் பையோடு பள்ளப்பாதையில் போன ஓர்ட்வினை ஒரு சிப்பாய் திருப்பி அனுப்பினான். அதற்குப் பிறகு அந்தத் திசையில் யாரும் போனதில்லை. ஆனால் எட்டு வருடம் தினம் இரண்டு முறை நடந்த கால் அதை மறக்கவில்லை. வேலியோரக் காவல் கோபுரம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் குன்றின் தோள் அந்தப் பள்ளத்தை மறைக்கும். அதையும் பலகை சொன்னது. அதைத்தான் எல்லாவற்றையும்விடத் தெளிவாகச் சொன்னது.

“நான் நெனச்சுச் செய்யல” என்றான்.

“நெனச்சுச் செஞ்சியான்னு கேக்கவா போறாங்க?” என்றாள் கெர்லிண்ட். “மதியம் வரைக்கும் டைம் குடுப்பாங்க. அவ்வளவுதான்.”

திங்கள் காலை சுற்றில் அவன் முதலில் விட்டிக் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தான்.

“அந்தக் கண்காட்சிப் பட்டியல், அதுல என் பேருக்கு நேரா என்ன எழுதினீங்க?”

“என்ன எழுதுவேன்? ‘மாதிரி: ஸ்டைன்ரோடா பள்ளத்தாக்கு.’ நேத்து ராத்திரியே டைப் அடிச்சுட்டேன். பொது நிகழ்ச்சின்னா மாவட்ட அலுவலகத்துல அனுமதி வாங்கணும்ல.”

“அத மாத்தணும். இப்பவே.”

“எங்க மாத்தறது? காலைல பெட்டில போட்டேன். நீதானே வந்து எடுத்த?”

ஏழரைக்குப் பெட்டியைத் திறந்து, உறைகளைக் கொட்டி, ஒவ்வொன்றின் மேலும் தேதி முத்திரை குத்தியவன் ஓர்ட்வின். பையைக் கட்டி ஒன்பது மணிப் பேருந்தில் ஏற்றியவனும் அவனே. இப்போது மணி ஒன்பதேகால்.

விட்டிக் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். நிலைய அதிகாரியாக இருந்தவருக்கு, தவறான பாதைக்கு மாற்றிவிடப்பட்ட வண்டி எதுவென்று சொல்லாமலே புரிந்தது. “ரயில் ஓடின காலத்து ஊர்னுதான் நெனச்சேன்டா” என்றார். குரலில் சத்தமே இல்லை. “1938. அப்ப அங்க வேலி கீலி ஒண்ணுமே கெடையாதுல்ல.”

அன்று மாலை ஓர்ட்வின் பிளாஸ்டர் குழைத்துப் பள்ளத்தை நிரப்பினான். ஆல்டர் மரங்களைப் பிடுங்கி அடுப்பில் போட்டான். காலையில் போய்ப் பார்த்தால், பச்சைக் குன்றின் விலாவில் கைநீளத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு. மேலே மரத்தூள் தூவினான். அது ஈரத்தை உறிஞ்சிக் கறுத்தது. சூடில்லாத அறையில், நவம்பர் குளிரில், பிளாஸ்டர் காய வாரம் ஆகும். பள்ளம் இருந்தபோது அது ஒரு பள்ளம் மட்டுமே. மூடியபிறகு, இங்கே மூட வேண்டிய ஏதோ இருந்தது என்று அது பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னது. மறைப்பதும் ஒருவகையில் சுட்டிக்காட்டுவதுதான் என்பதை அந்த வாரம் முழுவதும் அவன் மாடிக்கு ஏறி இறங்கிக் கற்றான்.

பலகையை உடைத்துவிடலாம் என்றாள் கெர்லிண்ட். பட்டியலில் பெயர் போய்விட்டது, உடைத்தால் ஏன் உடைத்தாய் என்பார்கள் என்றான் அவன். இரண்டும் சரியாக இருந்தன. லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கெர்லிண்ட் பட்டறையில் தூரிகையைக் கோப்பையிலிருந்து எடுத்துவிடத் தொடங்கினாள், விளிம்பு கோணிவிடக் கூடாதே என்று. கூட்டுறவுப் பண்ணைக்குக் கிழங்கு ஏற்றிப்போகும் லாரிகள்தாம். அது அறுவடைக் காலம், நாளுக்கு இருபது லாரி ஓடும். புதன்கிழமை அவள் சொல்லாமல் கொள்ளாமல் குளிர்காலத் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி வைத்தாள். ஓர்ட்வின் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஊர்க்காவலர் சைஃபார்ட். சீருடையில் வந்திருந்தார். ஐம்பது வயது, பருத்த உடம்பு, கெட்டவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. நல்லவர் என்று சொல்லிப் பார்க்கவும் யாருக்கும் துணிவில்லை.

“ஹெர் ஆம்தோர், கண்காட்சிப் பட்டியல்ல நம்ம ஊர் பேர் இருக்குதாம். மேலேர்ந்து கேட்டாங்க. ஒரு பார்வை பாத்துட்டு நாலு வரி எழுதிக் குடுக்கணும்.”

“வாங்க, தோழர். மாடில இருக்கு.”

படி ஏறும்போது சைஃபார்ட்டின் மூச்சு ஓர்ட்வினின் கழுத்தில் பட்டது. கெர்லிண்ட் பின்னாலேயே வந்து கதவு நிலையில் நின்றாள்.

சைஃபார்ட் தொப்பியைக் கழற்றினார். ஓர்ட்வின் எஞ்சினை ஓட்டிக் காட்டினான்; அவசரமாகத் திருகியதில் வேகம் கூடிக் கடைசி வண்டி தடம் புரண்டது. “அவசரமில்ல” என்றார் சைஃபார்ட். வண்டியை அவரே எடுத்து, தண்டவாளத்தில் சக்கரம் பொருந்த வைத்தார். பழகிய விரல்கள். பிறகு விட்டிக்கைப் போலவே முழங்காலை மடக்கி, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுபோனார். கோயில் குன்று. மில் வளைவு. குன்றின் தோள். அங்கே விரலை வைத்தார். விரல் வெள்ளையாகத் திரும்பி வந்தது.

“ஈரமா இருக்கே?”

“விரிசல் விட்டுச்சு. பூசினேன்.”

“ம்.” விரலை முகர்ந்தார். முகர்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று ஓர்ட்வினுக்குப் புரியவில்லை. “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா ஸ்டைன்ரோடான்னு சொல்லிட்டு இதக் கோட்ட விட்டுட்டீங்களே. இங்க மேடு கெடையாது. மில்லுக்குப் பின்னாடிலேர்ந்து பள்ளமால்ல போகும், ஆள் நிமிந்து நடந்தாலும் கோபுரத்துலேர்ந்து—”

நிறுத்தினார்.

சாலையில் ஒரு லாரி போனது. சைஃபார்ட் முழங்காலிலேயே இருந்தார், விரல் காற்றில். அவர் கழுத்துப் பின்பக்கம் சிவந்து, அந்தச் சிவப்பு காதுக்கு ஏறியதை ஓர்ட்வின் பார்த்தான். காவலர் ஒருவர், இரண்டு குடிமக்கள் முன்னால், வேலிக்குப் போகும் மறைவான வழியை வாயால் சொல்லிவிட்டார். அதற்கு லாரி வராது. அதற்கு வேறு வண்டி வரும்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றார், பலகையைப் பார்த்தபடி.

“நாங்க ஒண்ணும் கேக்கல, தோழர்” என்றாள் கெர்லிண்ட் கதவருகிலிருந்து. பேச்சுக்கு நடுவில் அவள் மூச்சு வாங்கவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவளின் குரல்.

சைஃபார்ட் எழுந்தார். எழ நேரமாயிற்று. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பொம்மை ரயிலைப் பார்த்தார்கள். பயத்தில் இருக்கும் ஒருவன் இன்னொருவனின் பயத்தைப் பார்த்தால் தைரியம் வரும் என்பார்கள். ஓர்ட்வினுக்கு வரவில்லை. பயந்த ஆள் என்ன வேண்டுமானாலும் செய்வான் என்பது மட்டும் தன்னை வைத்தே அவனுக்குத் தெரிந்திருந்தது.

“நான் எழுதிக் குடுக்கணும்” என்றார் சைஃபார்ட். “இது எந்த ஊரு?”

“எந்த ஊரும் இல்ல. கை போன போக்கு.”

“அப்படி எழுத முடியாது. உங்க சங்கத்துக்கு ஓர் ஊர் வேணும். ஸ்டைன்ரோடான்னு வந்தது தப்புன்னா, சரி எதுன்னு கேப்பாங்க.”

யோசித்தார்கள். மலை இருக்க வேண்டும், மேற்கு எல்லை இருக்கக் கூடாது. ஹார்ட்ஸ் மலை என்றான் ஓர்ட்வின். அங்கேயும் வேலி ஓடுது என்று சைஃபார்ட் தலையசைத்தார். தொழிற்சங்கச் சுற்றுலாவில் போனது அவருக்கு நினைவு வந்தது. “சாக்சன் சுவிட்சர்லாந்து. பேர்தான் அப்படி, நம்ம நாட்டுக்குள்ளதான். ஒரே பாறையா இருக்கும். தூண் தூணா நிக்கும்.”

“நான் பாத்ததில்லையே.”

“காலண்டர்ல வருமே. அடுத்த சனிக்கிழம வருவேன். பாறை இருக்கணும்.” தொப்பியைப் போட்டுக்கொண்டார். போட்டதும் முகம் மாறியது, குரலும். “இது என் யோசன இல்ல, ஹெர் ஆம்தோர். நீங்க பட்டியல்ல நடந்த தப்பத் திருத்திட்டீங்க. அவ்வளவுதான்.”

ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும் தட்டிலேயே ஆறின. தம்பதி இருவரும் வடக்குப் பக்கத்துக் காட்டுக்குப் போய், வெட்டிப்போட்ட பைன் மரங்களிலிருந்து பட்டை உரித்தார்கள். தடித்த பைன் பட்டையைக் குத்துவாக்கில் நிறுத்தினால் மணற்பாறைபோல அடுக்கடுக்காகத் தெரியும். எல்லாப் புதியவர்களும் செய்வதுதான். அடுப்பில் சுட்டுப் பூச்சிகளைக் கொன்று, உயரவாரியாகப் பிரித்து, ஈரத் தழும்பின் மேல் ஒவ்வொன்றாக நட்டார்கள். எதிரே, 1974ஆம் வருடக் காலண்டரின் ஆகஸ்ட் மாதத்தைச் சுவரில் ஆணியடித்து வைத்தார்கள். கெர்லிண்ட் பட்டறைத் தூரிகையால் பாறை விளிம்புகளுக்குச் சாம்பல் நிறம் தொட்டாள். “இவ்ளோ அசிங்கமா ஒண்ண நான் அழகுபடுத்தினதே இல்ல” என்றாள்.

உண்மையிலேயே அசிங்கமாக இருந்தது. மென்மையாகச் சரிந்த குன்றின் விலாவில், வாயில் பல் முளைத்த இடம் தவறிப்போனதுபோல, பதினேழு தூண்கள். சனிக்கிழமை சைஃபார்ட் வந்தார், எண்ணிப் பார்ப்பதுபோல் பார்த்தார், “பாறைதான்” என்றார், போனார். விட்டிக் புது அட்டை டைப் அடித்துக் கொடுத்தார். எதையும் கேட்கவில்லை. நகைச்சுவை எதுவும் சொல்லவுமில்லை.

கண்காட்சி ரயில்வேத் தொழிலாளர் கலையரங்கில் நடந்தது. பொரித்த சாசேஜ் வாசமும் ஈரக் கோட்டு வாசமும் சேர்ந்து அடித்தன. பிள்ளைகள் மேசை விளிம்பில் மூக்கை வைத்து நின்றார்கள். ஓர்ட்வின் தன் மேசைக்குப் பின்னால் நின்று எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருந்தான். வட்டம் முடியாதவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதுபோல. சைஃபார்ட் பணியில் இருந்தார். நாலு மேசை தள்ளி, பார்க்காதவர்போல் பார்த்துக்கொண்டு.

மூன்று மணிக்கு நடுவர் வந்தார். நரைத்த, ஒல்லியான மனிதர். அட்டையைப் படித்தார். “சாக்சன் சுவிட்சர்லாந்தா? நான் பிர்னாக்காரன். அந்தப் பாறைங்க காலடிலதான் பொறந்தேன்.”

ஓர்ட்வின் எஞ்சினை நிறுத்தினான்.

“பாறை தப்பு” என்றார் நடுவர், தணிந்த குரலில், வைத்தியர் சொல்வதுபோல. “காலண்டர் பாத்துச் செஞ்சது. பாறைன்னா மண்ணுலேர்ந்து எழும்பணும். இது மேலேர்ந்து குத்தி வச்சிருக்கு.” குனிந்தார். கண் பலகை மட்டத்துக்கு வந்தது. ஓர்ட்வினுக்கு அந்தக் குனிதல் போதும் என்றிருந்தது; ஐந்து வாரத்தில் மூன்றாவது முறை. “ஆனா மத்ததெல்லாம்… இந்த மேடு, இந்த வளைவு. எங்க மூச்சு வாங்கும், எங்க வாங்காதுன்னு தெரிஞ்சவன் செஞ்சது. தெனம் நடந்த எடம். இது கற்பனை இல்ல, காலண்டரும் இல்ல.” நிமிர்ந்தார். நோட்டுப் புத்தகத்தில் பென்சிலை வைத்தார். “சொல்லுங்க, நெசமா இது எந்த ஊரு?”

வாழ்க்கையில் ஓர்ட்வின் ஆம்தோருக்கு ஊரே தெரியாத ஒருவர் அவனுடைய வேலையை உள்ளபடி அறிந்து சொன்ன ஒரே பாராட்டு அதுதான். அதை அவன் மறுத்தாக வேண்டும்.

“நான் எங்கயும் போனதில்ல” என்றான். “சும்மா, கைக்கு வந்தது.”

“கை சும்மா போகாது, நண்பரே.”

“அட்டைல எழுதியிருக்கு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சைஃபார்ட். எப்போது நெருங்கினார் என்று தெரியவில்லை. “படிச்சுக்குங்க.”

நடுவர் சீருடையைப் பார்த்தார். ஓர்ட்வினைப் பார்த்தார். பிறகு பலகையை, இந்த முறை நின்றபடியே, பாறைகள் நட்டிருந்த இடத்தை மட்டும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று ஓர்ட்வின் நினைத்தான். அல்லது புரிந்துகொள்ளக் கூடாது என்பது மட்டும் புரிந்திருக்கலாம். அந்த நாட்டில் அதுவே போதுமானதாக இருந்தது. நடுவர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார்.

“ஆமா. சாக்சன் சுவிட்சர்லாந்து. பாத்தவுடனே தெரியுது” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

பரிசு எதுவும் இல்லை. லாரியும் வரவில்லை. டிசம்பர் போனது. புத்தாண்டுக்குப் பெருத்த பனி விழுந்து மூன்று நாள் மின்சாரம் இல்லை. கெர்லிண்ட் பெட்டியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உடுத்தினாள். பிப்ரவரிக்குள் பெட்டி காலியாகிவிட்டது. பலகை மாடியில் துணி போர்த்திக் கிடந்தது.

மார்ச்சில், நிலம் இளகியதும், அவன் சுற்றுப் போகும்போது மில் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டது. கோயில் குன்றின் வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினான். ஆல்டர் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக லாரிகள் பின்பக்கம் திருப்பி நின்று, இடிந்த கட்டட ஓடுகளையும் சுண்ணாம்பு மண்ணையும் கொட்டிக்கொண்டிருந்தன. பச்சை மாறாத குன்றின் விலாவில், அவன் கையால் பூசிய அதே இடத்தில், அதே நீள வாக்கில், வெள்ளையாக ஒரு தழும்பு.

அவன் நிற்கக் கூடாது. தபால்காரன் நின்று பார்த்தால் அதுவும் ஒரு செய்தி. ஆனால் கால் நின்றுவிட்டது.

தப்பிப்போகும் வழியாக அந்தப் பள்ளத்தை யாராவது மனதில் வைத்திருந்தார்களா? ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஓர் அலமாரியில், ஒரு பெட்டி தயாராக இருந்ததா? தினம் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுகிறவன் அவன். எந்தக் கதவு என்று அவனால் ஊகிக்க முடியவில்லை. ஊகிக்க முடியாததுதான் கொடுமை. இனி ஒவ்வொரு கதவிலும் அவன் அதையே யோசிப்பான்.

எதிரே சைக்கிளில் சைஃபார்ட் வந்தார். இறங்கினார். இருவரும் லாரிகளுக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

“காலங்காத்தால கெளம்பிட்டீங்க போல” என்றார் சைஃபார்ட்.

“இன்னிக்குப் பத்திரிகக் கட்டு சீக்கிரமே வந்துருச்சு.”

ஒரு லாரி கொட்டி முடித்துப் பின்கதவைப் படாரென்று சாத்தியது. சைஃபார்ட்டின் தோள் துள்ளியது.

“உங்கள வந்து யாராவது பாத்தாங்களா, ஹெர் ஆம்தோர்? எதாவது கேட்டாங்களா?”

“இல்ல, தோழர். உங்கள?”

“இல்ல. என்னையும் யாரும் கேக்கல.”

அவர் சொல்வதை ஓர்ட்வின் நம்பவில்லை. தான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பதும் அந்த முகத்தில் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஓர்ட்வின் இரவுகளில் சைஃபார்ட்டைப் பற்றி எப்படி நினைத்துக்கொண்டு படுத்திருந்தானோ, அப்படியே, அதே வார்த்தைகளில், அவரும் இவனைப் பற்றி நினைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். பள்ளத்தைப் பற்றி மேலே சொன்னது விட்டிக்காக இருக்கலாம். நடுவராக இருக்கலாம். மாவட்ட அலுவலகத்தில் பட்டியலைப் படித்த யாரோ ஒரு குமாஸ்தாவாக இருக்கலாம். யாருமே சொல்லாமல், எங்கோ ஒரு வரைபடத்தின் முன்னால் குனிந்த ஓர் அதிகாரியாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ள வழியே இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை.

“வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றார் சைஃபார்ட்.

“வீட்லதான் இருக்கோம்” என்றான் ஓர்ட்வின்.

பையிலிருந்து அவர் வீட்டுக்கான கடிதத்தைத் தேடி எடுத்தான். மின்சாரக் கட்டண உறை. சைஃபார்ட் அதை வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்த்தார், பிறகு திருப்பி, பிரித்து ஒட்டிய தடம் இருக்கிறதா என்பதுபோல் ஒட்டுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பார்த்துவிட்டு நன்றி சொன்னார்.